கிண்ணத்தில் மீந்தது

மாதத்தின் முதல் ஞாயிறு நெருங்கினாலே குழாய்க்காரருக்கு எரிச்சல் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமையே மூக்கு வேலைசெய்ய ஆரம்பிக்கும். யாருடைய சமையலறைத் தொட்டிக்கு அடியிலாவது மல்லாந்து படுத்துக் கழிவுக் குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பார். உள்ளே சிக்கிய பழத்தோல் புளித்து நாறும். உடனே ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்து, ஸ்பேனரைப் படாரென்று தரையில் போடுவார். ஆள் கோபமாக இருக்கிறார் என்று பயந்து வீட்டுக்காரர்கள் கேட்காமலேயே ஒரு டம்ளர் டீ நீட்டுவார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவருக்குக் குறையில்லை.

முதல் ஞாயிறு என்றால் ஆலயத்தில் திருவிருந்து. போதகர் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பார், கிண்ணத்தில் திராட்சரசம் கொடுப்பார். பல சபைகளில் இப்போது வெறும் பழச்சாறுதான். இந்தச் சபையில் அப்படியில்லை. மூத்த அம்மாள் ஒருவர் திராட்சையைப் பிழிந்து, துணி கட்டி, புளிக்கவைத்துத் தன் கையாலேயே செய்து கொடுப்பார். அவருடைய மாமியார் காலத்திலிருந்து வரும் பழக்கம். அதை மாற்றச் சொல்லும் தைரியம் எந்தப் போதகருக்கும் வந்ததில்லை. பிசாசை எதிர்த்து நிற்பவர்கள்கூட அந்த அம்மாளை எதிர்த்து நின்றதில்லை.

ரசத்தை ஜாடியில் எடுத்துவைப்பது, கிண்ணத்தைத் துலக்குவது, ஆராதனை முடிந்ததும் கழுவிப் பூட்டுவது எல்லாம் குழாய்க்காரரின் பொறுப்பு. ஒரு காலத்துக் குடிகாரனுக்குச் சபை கொடுத்த மரியாதை அது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்துவிட்டு, பூனை திருந்திய அழகைப் பார்த்துச் சபையே பூரித்துப்போயிருந்தது.

பூனையின் பாடு பூனைக்குத்தானே தெரியும்.

அவர் குடித்த காலத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கெட்டிக்கார வேலையாள். ஆனால் மதியத்துக்கு மேல் கை நடுங்கும். நடுக்கத்தை நிறுத்த ஒரு மடக்கு வேண்டும். அந்த மடக்கை நிறுத்தத்தான் யாரும் இல்லை. ஒருநாள் மாடி வீடொன்றில் குழாய் மாற்றியவர், இணைப்பை இறுக்காமலேயே வால்வைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் கீழ் வீட்டுக் கூரை வழியாக இறங்கியது. கூரைக்குக் கீழே தொட்டில் இருந்தது. தொட்டிலில் குழந்தை இருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் நனைந்த துணியோடு அதை மார்பில் அணைத்தபடி தெருவில் நின்று அந்தத் தாய் அவரைப் பார்த்த பார்வையை, செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவியும் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். எத்தனையோ கறைகளைக் கையால் தேய்த்துப் போக்கியவள். "இந்தக் கறை போகாது" என்று சொல்லிக்கொண்டு, துணிகளை ஒரு பையில் திணித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த அண்ணன் சபையில் மூப்பர். சட்டைக்கு மட்டுமல்லாமல் உடம்புக்கே இஸ்திரி போட்டதுபோல் விறைப்பாக நிற்கும் மனிதர். மாப்பிள்ளை திருந்துவார் என்று யாராவது சொன்னால், நாய் வாலை நிமிர்த்திக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்பார்.

பிறகு ஒருநாள் ஆலயத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்க்க வந்த குழாய்க்காரர், வேலை முடிந்தும் போகவில்லை. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அப்போதிருந்த பழைய போதகர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று அவர் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிறன்று, ஆண்டவர் தன்னைத் திருத்தியதைச் சபைக்கு முன் சாட்சியாகச் சொல்லும்படி அவரை அழைத்தார்கள். மேடையேறிப் பார்த்தால், பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள். பேசவேண்டியதை மறந்து, பேசக்கூடாததைப் பேசிவிட்டார்.

"ஆண்டவர் என் குடியை மட்டும் எடுக்கலை. அந்த ஆசையையே வேரோட பிடுங்கிட்டார். இப்போ அதைப் பார்த்தா எனக்குச் சாக்கடைத் தண்ணி மாதிரி இருக்கு."

சபை எழுந்து நின்று பாடியது. மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த வாரமே பையோடு வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். குடிக்கிற ஆளுக்காகத் தான் வரவில்லை, ஆசை போன ஆளை நம்பி வந்திருப்பதாகச் சொன்னாள்.

சாட்சி சொன்ன நிமிடத்தில் அது உண்மைதான். போய்விட்டது என்றே அவர் நம்பினார். ஆனால் அடுத்த வாரம் ஆசை திரும்பி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் நேரே அடுப்படிக்குள் போகும் சொந்தக்காரன் மாதிரி வந்தது. வந்தது போகவேயில்லை.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் சொன்னால் பையை எடுத்துவிடுவாள். சபையில் சொன்னால் சாட்சி பொய் என்பார்கள். மூப்பரிடம் சொல்லவே வேண்டாம், நாய் வால் பேச்சு தயாராக இருக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டதும் வாயால்தான், குடித்ததால் அல்ல, ஜெயித்துவிட்டேன் என்று சொன்னதால்.

தினமும் ஜெபித்தார். முதலில் கெஞ்சினார், அப்புறம் சண்டை போட்டார். ஒன்று ஆசையை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுப்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. திருவிருந்தன்று கிண்ணம் தன்னிடம் வரும்போது உதடுகளை இறுக்கி மூடிக்கொள்வார். ரசம் உதட்டில் பட்டுவிட்டுப் போகும். உடனே கைக்குட்டையால் தேய்ப்பார். அவருடைய பயபக்தியைப் பார்த்து மற்றவர்களும் கைக்குட்டை கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் எரிச்சல்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஆசீர்வதித்த ரசம் மீந்தால் கொட்டக்கூடாது, எடுத்துவைக்கவும் கூடாது. அன்றே யாராவது குடித்து முடிக்க வேண்டும். அது சபையின் ஒழுங்கு. வழக்கமாக இரண்டு மடக்குதான் மிஞ்சும். மூப்பர் கஷாயம் குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுவார். அதுவரை குழாய்க்காரர் வெளியே போய்ப் பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருப்பார். நேராக இருக்கும் பெஞ்சுகளையும் நேராக்குவார்.

பழைய போதகர் மாற்றலாகிப் போய், இளம் போதகர் ஒருவர் வந்து சேர்ந்த புதிது. அந்த முதல் ஞாயிறன்று விடியும்போதே மழை கொட்டியது. மூப்பர் கணுக்கால் சுளுக்கி வீட்டிலேயே கிடந்தார். குழாய்க்காரரின் மனைவிக்கு ஞாயிறு வேலை. இளம் போதகர் எப்போதும்போல் ஜாடி நிறைய ரசத்தை வைத்து ஆசீர்வதித்துவிட்டார். வந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஆராதனை முடிந்தபோது பாதி ஜாடிக்கு மேல் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து, சபையைச் சேர்ந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருப்பதாகப் போன் வந்தது. போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டே, மீந்ததை நீங்களே குடித்து முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பைக் சாவியைத் தேடினார். குழாய்க்காரர் வேண்டாம் என்றார். மூப்பருக்குச் சரியானதும் அவர் குடிக்கட்டுமே என்றார். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்றார் போதகர். மண்ணில் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, போதகரின் முகமே மாறிவிட்டது. கடைசியில் குழாய்க்காரர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, நான் முன்னாடி குடிச்சவன்" என்றார்.

போதகர் அன்போடு அவர் தோளில் கைவைத்தார்.

"தெரியும் பிரதர். உங்க சாட்சியைச் சொல்லித்தான் இந்த சபையில எனக்கு வரவேற்பே கொடுத்தாங்க. ஆசையே போயிடுச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் என்ன பயம்? இது சாராயமா? ஆண்டவரோட இரத்தம் பிரதர். விசுவாசத்தோட குடிங்க."

பைக் சத்தம் மழைக்குள் கரைந்துபோனது. நல்ல மனிதர். கெட்ட எண்ணம் துளிகூட இல்லாதவர். அதுதான் குழாய்க்காரருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் போடா என்றாவது சொல்லியிருக்கலாம்.

பீடத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அறையில் ஜாடியும் அவரும்தான். அந்த மாதத்து ரசம் கூடுதலாகப் புளித்திருந்தது. அறை முழுக்க வாசனை. இத்தனை காலமும் குடித்தால் பாவம். இப்போது குடிக்காவிட்டால் பாவம் என்று ஆகிவிட்டது. எத்தனையோ நாள் மதுக்கடை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவருக்கு, இங்கே ஆண்டவர் வீட்டிலேயே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குடிக்கலாம். குடித்தால் கீழ்ப்படிதல். யாரும் குறை சொல்ல முடியாது. மனைவிகூட.

கை ஜாடியைத் தூக்கியது. தூக்கிய கை நடுங்கவில்லை. கல் மாதிரி அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"கடையைத் தாண்டி உம்ம வீட்டுக்கு ஓடிவந்தேன். இங்கேயும் இதையே வச்சிருக்கீரே. இனி நான் எங்கே ஓடுறது?"

வாய்விட்டே கேட்டார். வானத்திலிருந்து தண்ணீர்தான் வந்தது. அடைத்துக்கொண்ட கூரைக் குழாயில் அது களகளவென்று வழிந்தது. சோதனைக்குள் கொண்டுபோகாதேயும் என்று தினமும் கேட்பதெல்லாம் எதற்கு என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான், ஆண்டவர் நாற்பது நாள் பட்டினி கிடந்த வனாந்தரம் நினைவுக்கு வந்தது. அங்கே ஆண்டவரைச் சோதித்த சாத்தான் அசிங்கமான எதையும் காட்டவில்லையே. பசித்தவருக்கு அப்பத்தைத்தானே காட்டினான். அப்பம் நல்லதுதானே. வசனம்கூடச் சொன்னானே. அப்போது ஆண்டவர் என்ன செய்தார்? எனக்குப் பசியே இல்லை, பசியை வேரோடு பிடுங்கியாகிவிட்டது என்று சொன்னாரா? இல்லை. அவருக்குப் பசித்தது. பசியோடுதான் மறுத்தார்.

'நான்தான் அவரைவிடப் பெரிய ஆள் மாதிரி பசியே இல்லைன்னு மேடையேறிச் சொல்லிட்டு வந்தேன்.'

குழாய்க்காரர் ஜாடியைக் கீழே வைத்தார். வைத்த மாத்திரத்தில் நிம்மதி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இந்த அறையில் இன்னும் சற்று நேரம் தனியாக இருந்தால் தோற்றுவிடுவோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஜாடியின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார். அதன்மேல் துணியைப் போட்டார். ஒரு கையில் ஜாடி, ஒரு கையில் குடையோடு மழையில் இறங்கினார். இந்த உலகத்தில் எந்த மனிதனின் வாசலில் போய் நிற்கக்கூடாது என்று நினைத்தாரோ, அந்த மனிதனின் வீட்டுக்கு. மூப்பர் வீட்டுக்கு.

தெருமுனை வருவதற்குள்ளேயே காற்றில் குடை பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. அதைச் சுவரோரம் எறிந்துவிட்டு ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டார். ரசம் தளும்பி, வெள்ளைச் சட்டையில் நீலச்சிவப்பாகப் பரவியது. கடை வாசலில் ஒதுங்கி நின்ற பழைய கூட்டாளி ஒருவன், என்ன குழாய், ஜாடியோடவே கிளம்பிட்டியா, எங்களுக்கெல்லாம் இல்லையா என்று கேட்டுச் சிரித்தான். இவர் நிற்கவில்லை. தன் சட்டையிலிருந்தே வாசனை அடித்தது. மூச்சை அடக்கி அடக்கி நடந்ததில் தலை சுற்றியது. பார்ப்பவர்களுக்கு அது தள்ளாட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

மூப்பர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தாய் வீட்டுக்குப் போயிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு நனைந்த கோலத்தில் வந்து நின்ற மாப்பிள்ளையையும், சட்டைக் கறையையும், கையிலிருந்த ஜாடியையும் பார்த்தார். போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு, உடனே வந்து உன் புருஷனை அழைத்துக்கொண்டு போ, திருவிருந்து ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

குழாய்க்காரருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின.

"மச்சான், நான் குடிக்கலை. ஆனா இதை நீங்க வாங்கிக்கலைன்னா குடிச்சிடுவேன். வாங்கிக்கோங்க."

"ஆசையே போயிடுச்சுன்னு சபை முன்னாடி சொன்னீங்களே மாப்பிள்ளை?"

"போகலை. குழாயை மூடிட்டா தண்ணி எங்கே போகும் மச்சான்? வால்வுக்குப் பின்னாடியே நிக்கும். தள்ளிக்கிட்டே நிக்கும். இத்தனை நாளா நான் அதைக் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கை வலிக்குது."

மூப்பர் அவர் முகத்தையே பார்த்தார். என்ன கண்டாரோ, கையை நீட்டி ஜாடியை வாங்கிக்கொண்டார். ஒழுங்கான மனிதர் அல்லவா? மீந்ததை அன்றே முடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கஷாயம்போலக் குடிக்க ஆரம்பித்தார். ஆனால் இது இரண்டு மடக்கு இல்லையே. காலையிலிருந்து சாப்பிடாத வயிறு. சுளுக்குக்குப் போட்ட மாத்திரை வேறு. மதுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காத அந்த மூப்பர், ஜாடியின் அடிவரை குடித்து முடித்தபோது, கன்னமெல்லாம் சிவந்து, ஞானப்பாட்டு ஒன்றை நடுவிலிருந்து பாடத் தொடங்கியிருந்தார்.

வேலை உடுப்போடு ஓடிவந்த தங்கை வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். அண்ணன் நாற்காலியில் சரிந்து, "பாப்பா, உன் புருஷன் தங்கம். ஆனா இந்த வீட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கச் சொல்லு, நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புருஷனோ கறைபடிந்த சட்டையோடு ஒரு மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து இருவர் மூச்சையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தாள். யார் குடித்தார்கள் என்பது புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை.

இப்போது பாருங்கள், அடுத்த சோதனையை. குழாய்க்காரர் தப்பித்துவிட்டார். போதகர் குடிக்கச் சொன்னார், நான் மறுத்து அண்ணனிடம் கொண்டுவந்து கொடுத்தேன் என்று சொன்னால் போதும். அவள் கண்ணில் அவர் இன்னும் ஒரு படி உயர்ந்துவிடுவார். காதில் வாங்கியது எதுவும் மூப்பருக்கு நினைவில் இருக்கப்போவதில்லை. அவள் முகத்தில் அதற்குள் ஒரு வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தை அணைக்க எந்தப் புருஷனுக்கு மனம் வரும்?

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"இன்னிக்குக் குடிக்கலை. ஆனா ஆசை இருக்கு. எப்பவுமே இருந்தது."

"அப்போ சபையில சொன்னது பொய்யா?"

"சொன்ன அன்னிக்கு உண்மை. அடுத்த வாரம் பொய்யாயிடுச்சு. அதுக்குள்ள நீ வீட்டுக்கு வந்துட்டே."

அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு மழையைப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. நடுவில் ஒருமுறை திரும்பி, தான் மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், பக்கத்தில் ஒருத்தர் இப்படிக் கிடந்து போராடியது தெரியாமல் ஒரு முட்டாளைப்போல் இருந்துவிட்டதாகவும் சொல்லி அழுதாள். சொன்னால் போய்விடுவாய் என்று பயந்தேன் என்றார் அவர். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"போறதா இருந்தா இப்பவே போயிருப்பேன். இது எங்க அண்ணன் வீடுதானே. பையைக்கூட எடுக்க வேண்டாம்."

ஆனால் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். தலையைத் தடவிக் கொடுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அண்ணனைக் கட்டிலில் படுக்கவைக்க ஒரு கை கொடுக்கச் சொன்னாள். படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, கிண்ணம் கழுவியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார். வாங்க என்று சொல்லி ஜாடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வழியில், போதகரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் கூட நிற்கிறேன் என்றாள். அது தனக்கே தெரியும் என்று அவர் சிடுசிடுத்தார். சபையில் எல்லாரும் என்ன பேசுவார்கள் என்ற நினைப்பே அவருக்குக் காலில் கல் கட்டியதுபோல் இருந்தது.

ஆலயத்தில் அவரை அறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் ஊற்றி அலசினாள். அலசிய நீரையும் கொட்டக்கூடாது, குடித்துவிட வேண்டும் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியிலிருந்தே சொன்னார். அவள் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இதுக்கா இத்தனை பாடு?"

"அது வெறும் அலசின தண்ணி" என்றார் அவர், வெடுக்கென்று.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டாள். இருவரும் தெருவில் இறங்கினார்கள். மழை விட்டிருந்தது. அடுத்த முதல் ஞாயிறு இப்போதே அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் அவரைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு."

"சரி. நடங்க."